மெட்டு பிரியும் இடம்

ஜனவரி 12

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. எனக்கு உடம்புக்குக் குறைவில்லை; குளிர் வருவது மட்டும் நாட்காட்டியை விட முழங்காலுக்கு முன்னதாகத் தெரிந்துவிடுகிறது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே? உன் கடிதங்களில் நீ தேதி போடுவதில்லை. எது முன்னால் எழுதியது, எது பின்னால் எழுதியது என்று நான் தபால் முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இனிமேல் போடு.

இங்கே ஒரு செய்தி. பழுது பார்ப்பதற்காக மூடியிருந்த எங்கள் அரங்கம் ஏப்ரலில் திறக்கிறது. முதல் கச்சேரிக்கு ஒரு வயலின்காரர் வருகிறார். நீயும் நானும் பாவாடை கட்டிய காலத்திலேயே வானொலியில் கேட்ட கைதான். இப்போது வயதாகிவிட்டது, இந்த ஊரில் இருக்கும் மகள் வீட்டில் வந்து தங்கியிருக்கிறார். பியானோ நான்.

வழக்கம்போல நான் என்றுதான் நினைத்திருந்தேன். நேற்று செயலாளர் வந்தார். நீ வந்திருந்தபோது கொக்கு என்று பெயர் வைத்தாயே, அவரேதான். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, "இத்தனை வருஷமா நீங்கதான் வாசிக்கிறீங்க, இல்லேன்னு சொல்லலை. ஆனா கமிட்டியில சில பேரு கல்லூரியில சொல்லிக்கொடுக்கிற அந்தப் பெண்ணைப் போடலாம்னு பேசறாங்க. இந்தக் கச்சேரி நல்லா அமைஞ்சுட்டா யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க" என்றார். அதாவது, இந்த வயதில் எனக்குப் பரீட்சை.

உன் அத்தான் போன பிறகு காலையில் எழுந்து புடவையை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு வெளியே கிளம்ப எனக்கு இருக்கும் ஒரே காரணம் அந்தப் பியானோ நாற்காலி. இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

கச்சேரி முடிந்ததும் உன்னிடம் வருகிறேன். வா வா என்று நீ கூப்பிட்டு அலுத்திருப்பாய். இந்தத் தடவை மாதக்கணக்கில் இருப்பேன், பிறகு வருத்தப்படாதே.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 25 (பார்த்துக்கொள், தேதி!)

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் இருக்கிறோம். உன் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன். வாசனை மோசம், ஒத்திகைக்குப் போகும் அன்று தடவாதே, பெரியவர் ஓடிவிடுவார்.

கொக்கு சொன்னதை மனதில் போட்டுக்கொள்ளாதே. உனக்குப் பரீட்சை வைக்கிறவன் முதலில் உன் பார்வைக்குத் தப்பிக்க வேண்டுமே. சின்ன வயதில் நான் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்னால் நீ ஒன்றும் சொல்ல மாட்டாய், வெறுமனே பார்ப்பாய். அடி வாங்கியிருந்தால்கூட இவ்வளவு ஞாபகம் இருந்திருக்காது.

நான் இப்போது தினமும் எங்கள் மருந்துக்கடைக்குப் போய் இவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். வீட்டில் தனியாக என்ன செய்வது? அலமாரியில் மருந்துகள் இருக்கும் இடமெல்லாம் எனக்கு அத்துப்படியாகிவிட்டது. "என்னம்மா, நீங்களும் கம்பவுண்டர் ஆயிட்டீங்களா?" என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்கிறார்கள்.

மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். ஜன்னல் பக்கம் உனக்கு. நீ வந்தால் எனக்கும் பேச ஆள் கிடைக்கும். கட்டாயம் வா.

உன் தங்கை

பிப்ரவரி 8

அன்புத் தங்கைக்கு,

தைலம் கிடைத்தது. நீ சொன்னது உண்மை. மாடிப்படி வரைக்கும் மணக்கிறது. ஆனால் வலி கேட்கிறது. மாப்பிள்ளைக்கு என் நன்றியைச் சொல்.

முதல் ஒத்திகை முடிந்தது. நன்றாக நடந்தது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நடக்கவில்லை.

அரங்கத்தின் பின்னால் இருக்கும் அந்த நீள அறை உனக்குத் தெரியும். சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. நான் முன்னதாகவே போய்விட்டேன். என் கை இரண்டும் ஐஸ் கட்டி. கழிவறையில் வெந்நீர்க் குழாயில் பிடித்துக்கொண்டு நின்றேன். சூடேறும், வெளியே வந்தால் மறுபடி அதேதான். கான்வென்டில் மதர் முன்னால் வாசிக்கும்போது இப்படி இருந்தது. அதற்கப்புறம் இவ்வளவு வருடம் கழித்து இப்போதுதான்.

பெரியவர் மகளோடு வந்தார். நிமிர்ந்த உடம்பு, இஸ்திரி கலையாத சட்டை. வாத்தியப் பெட்டியை மகள் தூக்கி வந்தாள். "நீங்கதான் பியானோவா?" என்று கேட்டார். "இல்லை, பியானோ அதோ அங்கே இருக்கிறது" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

அவர் முன்னால் இசைத்தாள் இல்லை. எல்லாம் மனப்பாடம். "தாளைப் பார்த்து வாசிக்கிறது, முகவரியைக் கையில வச்சுக்கிட்டு சொந்த வீட்டுக்குப் போற மாதிரி" என்று சொல்லிவிட்டு என் தாளைப் பார்த்தார். வில்லைத் தந்தியில் வைத்ததும் எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. அப்படி ஒரு நாதம். குழைவு கொஞ்சமும் குறையவில்லை. அந்தக் கைக்குப் பக்கத்தில் என் கை கட்டையாகக் கிடந்தது.

கடைசிப் பகுதியில்தான் வினை. உனக்குப் புரியும்படி சொல்கிறேன். அதில் ஒரே மெட்டு இரண்டு தடவை வரும். அச்சு அசலாக ஒன்றுதான். ஆனால் முதல் தடவை முடியும் இடத்தில் மேலே ஏறி நடுப்பகுதிக்குப் போகும். இரண்டாம் தடவை அதே இடத்தில் கீழே இறங்கி முடிவுக்குப் போகும். சாலை பிரிவது போல. அந்த இரண்டாம் தடவையில் நான் இறங்கினேன், அவர் ஏறினார். இரண்டும் மோதிக்கொண்ட சத்தம் சகிக்கவில்லை. வில்லை எடுத்துவிட்டு எல்லாரும் கேட்கும்படி, "இந்த அம்மா எதுக்கு இப்படி அவசரப்படுறாங்க?" என்றார். கொக்கு கதவோரம் நின்றிருந்தார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். வாழ்க்கையில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நீ மன்னிப்புக் கேட்டதைப் பார்க்க நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்திருப்பேனே! இவரிடம் படித்துக் காட்டினேன். "அக்காவா? இருக்காதே" என்றார்.

எனக்கு இசை தெரியாது. தப்பாகக் கேட்டால் திட்டாதே. அவர் ஏறினால் நீயும் கூடவே ஏறிவிட்டால் என்ன? நடுப்பகுதி இன்னொரு தடவை வரும், சுற்றிக்கொண்டு திரும்ப அதே இடத்துக்கு வந்து இறங்கிக்கொள்ளலாம். கொஞ்ச நேரம் கூடும். கேட்கிறவர்கள் யாருக்குத் தெரியப்போகிறது? எங்களுக்கு அப்படித்தான் நடக்கிறது. போன வாரம் கடையிலிருந்து வரும்போது இவர் பேசிக்கொண்டே இடது பக்கம் போவதற்குப் பதில் வலது பக்கம் திரும்பிவிட்டார். நானும் திரும்பினேன். ரயில்வே கேட் வரைக்கும் போய், பள்ளிக்கூடத்தைச் சுற்றி வந்து சேர்ந்தோம். நல்ல காற்று. இவரும் சந்தோஷமாக இருந்தார்.

மாடி அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. கை சில்லிட்டால் சில்லிடட்டும் அக்கா. பயம் உனக்கும் உண்டு என்று தெரிவது எனக்கு ஆறுதலாகத்தான் இருக்கிறது.

உன் தங்கை

மார்ச் 2

அன்புத் தங்கைக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

நீ எழுதியதைப் படித்துவிட்டு உடனே பதில் போடாதது நல்லதாகப் போயிற்று. போட்டிருந்தால் கடுமையாக இருந்திருக்கும். தாளில் ஒன்று எழுதியிருக்கிறது. எழுதியவர் ஒரு காரணத்தோடுதான் எழுதினார். கேட்கிறவர்களுக்குத் தெரியாது என்பதற்காக வேறு ஒன்றை வாசிப்பது ஏமாற்று வேலை. மாப்பிள்ளை தப்பான பக்கம் திரும்பினால், "இந்தப் பக்கம் இல்லை" என்று சொல்லிவிட வேண்டியதுதானே? ரயில்வே கேட் வரைக்கும் நடந்தால் உன் இடுப்புதான் வலிக்கும். நீ எப்போதும் இப்படித்தான், எதிர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் கூடவே நடந்துவிடுவாய்.

இப்போது என் கதை. முதல் ஒத்திகை முடிந்து வீட்டுக்கு வந்ததும் தாளை மேசையில் விரித்து, வரி வரியாகப் பார்த்தேன். தப்பு என்னுடையது இல்லை. நான் வாசித்ததுதான் சரி. அவர்தான் முதல் தடவை போக வேண்டிய வழியில் இரண்டாம் தடவையும் போய்விட்டார். மனப்பாடமாக வாசிக்கிறவர்களுக்கு வருகிற தவறுதான் இது. ஒரே மெட்டு இரண்டு தடவை வந்தால் எந்தத் தடவையில் இருக்கிறோம் என்பது மறந்துபோகும்.

சரி என்று தெரிந்ததும் கையில் அந்தச் சில்லிப்பு போயிருக்க வேண்டும். போகவில்லை, அதிகமாயிற்று. இரண்டாம் ஒத்திகையில் மறுபடி ஏறினார், மறுபடி என்னைப் பார்த்து, "மெதுவா, மெதுவா" என்றார். மூன்றாவதில், ஏறப்போகிறார் என்று நானாக நினைத்துக்கொண்டு கூடவே ஏறினேன். அன்றைக்குப் பார்த்து அவர் ஒழுங்காக இறங்கினார்! இந்தத் தடவை தப்பு நிஜமாகவே என்னுடையது. பார், உன் யோசனையைக் கேட்டதன் பலன்.

அன்றைக்கு அந்தக் கல்லூரிக்காரியும் வந்திருந்தாள். சும்மா கேட்க வந்தாளாம். மடியில் கையை வைத்துக்கொண்டு, துக்கம் விசாரிக்க வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். போகும்போது, "உங்க வயசுல இவ்வளவு வாசிக்கிறதே பெரிசு" என்றாள்.

இப்போதெல்லாம் அந்த மெட்டு நெருங்கும்போதே எத்தனாவது தடவை என்று மனதுக்குள் எண்ணிக்கொள்கிறேன். எந்தப் பக்கம் போவார் என்று தெரியாமல் காத்திருப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று உனக்கு எப்படிப் புரியும்.

அக்கா

மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. கொஞ்சம் வேலை. கடையை இவருடைய சிநேகிதர் மகனுக்குக் கொடுத்துவிட்டோம். இவருக்கும் நின்று நின்று கால் வலிக்கிறது; எத்தனை வருடம்தான் கவுண்டருக்குப் பின்னால் நிற்பது? இப்போது வீட்டில்தான் இருக்கிறார். ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டுக்கொண்டு தெருவைப் பார்க்கிறார்.

புரிகிறது அக்கா. எந்தப் பக்கம் போவார் என்று தெரியாமல் காத்திருப்பது எப்படி என்று.

கச்சேரி முடிந்ததும் எப்படி நடந்தது என்று உடனே எழுது.

உன் தங்கை

மார்ச் 29

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. கடையை இவ்வளவு சீக்கிரம் கொடுத்திருக்க வேண்டாம். உட்கார்ந்த ஆண்கள் சீக்கிரம் துருப்பிடித்துவிடுவார்கள். நான் வந்து மாப்பிள்ளைக்கு ஒரு கால அட்டவணை போட்டுத் தருகிறேன்.

எனக்கு விடிந்துவிட்டது. பெரியவரின் வலது முழங்கைதான் விளக்கு! வயலினில் மேலே ஏறும் சுரங்களுக்கு ஓரத்துத் தந்திக்குப் போக வேண்டும். அப்போது வில் பிடித்த கையின் முழங்கை தாழும். கீழே இறங்குவதென்றால் முழங்கை உயரும். மெட்டு பிரிவதற்கு ஒரு மூச்சு நேரம் முன்னாலேயே அது தெரிந்துவிடுகிறது. போன ஒத்திகையில் தாளை விட்டுத் தலையைத் தூக்கி முழங்கையைப் பார்த்தேன். தாழ்ந்தது. ஏறப்போகிறார் என்று தெரிந்தது. நானும் ஏறினேன், ஒட்டிக்கொண்டே போய்ச் சுற்றி வந்தேன், முடித்தோம். பரிசோதனைக்காகத்தான், உன் கட்சிக்கு மாறிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. "இன்னைக்குத்தான் அம்மா கணக்கு சரியா வந்திருக்கு" என்றார் அவர். தப்பாக வாசித்த அன்றைக்கு எனக்கு நற்சான்று! கொக்கும் தலையாட்டினார். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் கை சூடாக இருந்தது. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக.

அது முடிந்து கைக்குட்டையை எடுக்கத் தாழ்வாரத்துக்கு வந்தேன். அங்கே அவர் மகள் பேச்சுக் கொடுத்தாள். அப்பாவைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டாள். சரி என்று சொன்னேன்.

நேற்று கடைசி ஒத்திகை. ஒழுங்காக இறங்கினார். அடுத்த சனிக்கிழமை கச்சேரி. ஞாயிறு விட்டு வரும் வாரத்தில் ரயிலுக்குப் பதிவு செய்யலாமா? எழுது.

அக்கா

ஏப்ரல் 9

அன்புத் தங்கைக்கு,

நலமாக இருக்கிறேன். கச்சேரி முடிந்தது. கூட்டம் நன்றாக வந்திருந்தது. பத்திரிகையில் வந்ததை வெட்டி இதனுடன் வைத்திருக்கிறேன், படித்துப் பார்.

பெரியவர் கடைசிப் பகுதியில் தடம் மாறிவிட்டார். எழுதியிருந்ததை நான் எழுதியிருந்தபடியே வாசித்தேன். முடிவு வரைக்கும் வாசித்தேன். நிருபர் அதைத்தான் எழுதியிருக்கிறார்: "வயலின் நின்ற பிறகும் அசையாமல், ஒரு சுரம் பிசகாமல் பியானோ கலைஞர் கச்சேரியைக் கரை சேர்த்தார்." என் பெயரையும் சரியாகப் போட்டிருக்கிறார்கள்.

கொக்கு வீட்டுக்கே வந்து, நாற்காலி எனக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். கல்லூரிக்காரி வாழ்த்து அட்டை அனுப்பியிருக்கிறாள்.

ரயில் விஷயம் நீ எழுதவில்லையே.

அக்கா

ஏப்ரல் 21

அன்புத் தங்கைக்கு,

என் கடிதம் கிடைத்ததா? அங்கே யாருக்காவது உடம்பு சரியில்லையா? தபால் தாமதமா, நீ தாமதமா என்று தெரியவில்லை. பெட்டியைப் பரண்மேலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். போர்வை கொண்டுவர வேண்டுமா என்று எழுது.

இங்கே எல்லாரும் பாராட்டுகிறார்கள். பால்காரர்கூடப் பத்திரிகையில் பார்த்தாராம். எனக்குத்தான் தூக்கம் சரியில்லை, வெயில் ஆரம்பித்துவிட்டது.

ஒரு வரி போடு போதும்.

அக்கா

மே 10

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. தபால் தாமதமில்லை. நான்தான்.

முதலில் நான் சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடுகிறேன். இவருக்கு மறதி அக்கா. வயதானால் எல்லாருக்கும் வருகிற மறதி இல்லை. டாக்டர் அதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார். நான் கடையில் போய் உட்கார்ந்தது பொழுது போகாததால் இல்லை. இவர் எடுத்துக் கொடுக்கும் மருந்தை வாங்கி, சீட்டைப் பார்த்து, சரிதானா என்று கவனித்துவிட்டுக் கொடுக்கத்தான். ஒரு நாள் நான் உள்ளே போயிருந்தபோது ஒருவருக்கு வேறு மாத்திரையைக் கொடுத்துவிட்டார். தெருமுனை வரைக்கும் ஓடிப்போய் வாங்கிவந்தேன். மறுநாளே கடையைக் கொடுத்துவிட்டோம். கால் வலி என்று உனக்கு எழுதினேன். இவரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

வெளியே போனால் இவர் திரும்பும் பக்கமெல்லாம் நானும் திரும்புகிறேன். "இன்னைக்கு இந்தப் பக்கம் காத்து நல்லா வருது" என்கிறேன். எனக்குக் கால் கெஞ்சுகிறது. ஆனால் வீடு வந்து சேர்ந்ததும், "நல்லா நடந்தோம் இல்ல?" என்பார். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகத்தான்.

இப்போது உன் விஷயம். பத்திரிகைத் துண்டைப் பல தடவை படித்தேன். உன் கடிதத்தையும். மார்ச்சில் முழங்கையைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாய், எத்தனை சந்தோஷமாக. ஏப்ரலில் முழங்கை என்ற பேச்சே இல்லை. நான் சங்கீதம் தெரியாதவள். ஆனால் ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு நீ பார்த்தாயா, பார்க்கவில்லையா? அந்த மகள் தாழ்வாரத்தில் உன்னிடம் என்ன கேட்டாள்?

நீ பதில் சொல்ல வேண்டும் என்று இல்லை.

மாடி அறை அப்படியே இருக்கிறது. ஆனால் இப்போது வர வேண்டாம் அக்கா. கோபத்தில் எழுதவில்லை, கோபமாக இருந்திருந்தால் அன்றைக்கே எழுதியிருப்பேன். நீ வந்தால் இவரைத் திருத்துவாய். சாப்பிடும்போது ஒரே கதையை மறுபடி ஆரம்பிப்பார், "இப்பதானே சொன்னீங்க மாப்பிள்ளை" என்பாய். நீ சொல்வது சரியாகத்தான் இருக்கும். உன் வாயில் தப்பு வந்து நான் கேட்டதே இல்லை. ஆனால் அப்போது இவர் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். என்னால் அதைப் பார்க்க முடியாது.

பெரியவர் முகம் எப்படி ஆயிற்று என்று நீ எழுதவேயில்லை.

தைலம் தீர்ந்திருக்கும். தனியாக அனுப்புகிறேன்.

உன் தங்கை

ஜூன் 2

அன்புத் தங்கைக்கு,

தைலம் வந்தது. பாட்டில் உடையாமல் நன்றாகச் சுற்றி அனுப்பியிருந்தாய்.

நீ கேட்டதற்குப் பதில்: பார்த்தேன்.

முழங்கை தாழ்ந்தது. விளக்கு வெளிச்சத்தில் சட்டைக் கை மடிப்புகூடத் தெரிந்தது. எனக்கு நேரம் இருந்தது. பயம் இல்லை, அன்றைக்குக் கை சூடாகத்தான் இருந்தது. கொக்கு முதல் வரிசையில், அவர் பக்கத்தில் கல்லூரிக்காரி. கூடவே ஏறிச் சுற்றி வந்தால் தப்பு நடந்தது அவளுக்கு மட்டும் தெரியும், யாருடையது என்று தெரியாது. என் தலையில்தான் விழும் என்று நினைத்தேன். இதையெல்லாம் ஒரு மூச்சு நேரத்தில் நினைக்க முடியுமா என்று நீ கேட்கலாம். முடிகிறது. நான் தாளைப் பார்த்துக் குனிந்து, இறங்கினேன்.

தாழ்வாரத்தில் மகள் கேட்டது இதைத்தான். "அப்பாவுக்கு இப்பல்லாம் தடுமாறுது. அவர் எங்க போனாலும் நீங்க கூடவே போயிடுங்கம்மா. அவருக்கு இதுதான் கடைசி" என்றாள். சரி என்று சொன்னேன் என்று உனக்கு எழுதினேனே, அது பொய்யில்லை. சரி என்றுதான் சொன்னேன்.

அவர் வாசிப்பை நிறுத்திவிட்டு வயலினைத் தாழ்த்தினார். என் பக்கம் குனிந்து, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி, "அம்மா, எங்க இருக்கோம்?" என்று கேட்டார். ஒத்திகையில் கேட்ட குரலே இல்லை. கூட்டத்தில் கையைத் தவறவிட்ட குழந்தை கேட்பது போல இருந்தது. நான் தலையைத் தூக்கவில்லை. அதனால் முகம் எப்படி ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. நீ அதைக் கேட்டதிலிருந்து, தெரியாதது பார்ப்பதை விட மோசமாக இருக்கிறது.

போன வாரம் புதிதாக ஒரு பாடகிக்கு ஒத்திகை. நல்ல குரல். ஓர் இடத்தில் ஒரு வரியைத் தாண்டிப் பாடிவிட்டாள். உடனே நிறுத்தி, யாரையும் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "ஒன்றுமில்லை, மறுபடி பாடு" என்றேன். அதற்கப்புறம் அவள் குரல் எழும்பவே இல்லை.

அங்கிருந்து நேராகப் பெரியவரின் மகள் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்வது என்று யோசித்து வைத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் மாடி. பாதி ஏறும்போதே வயலின் கேட்டது. கதவு சாத்தியிருந்தது. அந்த மெட்டுதான். முதலில் இருந்து, அழகாக, ஒரு குறையும் சொல்ல முடியாதபடி வந்தது. பிரியும் இடத்தில் நின்றது. மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தார். அங்கே வந்ததும் நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. உள்ளே மகள், "போதும்பா, வாங்க" என்றாள். "இரும்மா, வந்துடும்" என்றார். மறுபடி முதலில் இருந்து.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே நின்றேன். ஒவ்வொரு தடவை அவர் நிற்கும்போதும் என் விரல்கள் கைப்பிடிமேல் இறங்கும் சுரங்களை வைத்தன. நான் தட்டினால் மகள் கதவைத் திறந்திருப்பாள். நீ முகத்தைப் பற்றி எழுதியிருந்ததை நினைத்துக்கொண்டேன். தட்டவில்லை. உள்ளே சத்தம் நின்று, பெட்டியை மூடும் ஓசை கேட்ட பிறகு இறங்கி வந்தேன்.

நீ சொன்னபடி நான் வரவில்லை. பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டேன். உன் இடுப்பைக் கவனித்துக்கொள். நடக்கும்போது நல்ல செருப்பாகப் போட்டுக்கொள். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். யார் என்று கேட்டால் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

அக்கா